ஆரம்பகால மரபியலாளரின் வாழ்க்கை வரலாறு: வரைவைப் படித்துக் கருத்துச் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர் ஒருவர் நெட்டி ஸ்டீவன்ஸின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதி, வரைவை எங்கள் நால்வரிடம் கொடுத்தார். நாங்கள் மூன்று முறை படித்தோம், அவர் மூன்று முறை திருத்தினார். அப்போது அவர் எங்களிடம் கேட்டவை, நாங்கள் எங்களுக்குள் கேட்டுக்கொண்டவை, பிறகு வேறு அறிவியலாளர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கேட்டவை எல்லாம் இதில் இருக்கின்றன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த ஒரு வரைவிலிருந்தே வருகின்றன.

யார் இந்த நெட்டி ஸ்டீவன்ஸ்?

1861 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா தச்சர். பள்ளி ஆசிரியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், 1896-இல், 35 வயதில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே இளங்கலையும் முதுகலையும் முடித்துவிட்டு, பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரியில் 1903-இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறக்கும் உயிர் ஆணா பெண்ணா என்பது குரோமோசோமைப் (செல்லுக்குள் இருக்கும் நூல் போன்ற நுண்பொருள்) பொறுத்தது என்பதற்கு 1905-இல் தெளிவான சான்று காட்டினார். 1912 மே 4 அன்று மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வயது 50. ஆராய்ச்சிக்கு அவருக்குக் கிடைத்தது பன்னிரண்டு ஆண்டுகள் போல. அதற்குள் ஏறக்குறைய 40 கட்டுரைகள்.

வரைவைக் கையில் வாங்கியதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எழுத்துப் பிழையை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒன்றை மட்டும் தேடுங்கள்: இவர் எதற்காக நினைவுகூரப்படுகிறாரோ அந்த வேலை வரைவில் எங்கே இருக்கிறது, எத்தனை பக்கம் பிடித்திருக்கிறது?

நண்பரின் முதல் வரைவு 18 பக்கம். அதில் 1905-ஆம் ஆண்டின் கண்டுபிடிப்புக்கு மூன்று வரி. "குரோமோசோம்களே பாலினத்தைத் தீர்மானிக்கின்றன என்று ஸ்டீவன்ஸால் கண்டுபிடிக்கப்பட்டது" என்பதோடு சரி. மற்ற பக்கங்களில் பிறப்பு, படிப்பு, பட்டங்கள், உதவித்தொகை, அவருக்கு நேர்ந்த அநீதி. படித்து முடித்தபோது அவர் மேல் பரிதாபம் வந்தது, அவர் என்ன செய்தார் என்பது மட்டும் புரியவில்லை. ஓர் ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை வரலாற்றில் இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது என்று நினைக்கிறேன். பாடகரைப் பற்றி எழுதிவிட்டுப் பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவோமா?

அதனால் நான் முதல் பக்கத்தின் மேலேயே எழுதிக் கொடுத்தேன்: "அவர் நுண்ணோக்கியில் என்ன பார்த்தார்? எனக்கும் காட்டுங்கள்." அதன்பின் வந்த மாற்றங்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவைதான்.

அறிவியலை எந்த அளவுக்கு விளக்குவது? வாசகர் ஓடிவிட மாட்டாரா?

அவர் கண்ணால் பார்த்ததை அதே வரிசையில் சொன்னால் ஓட மாட்டார். ஸ்டீவன்ஸின் மாவுப்புழுவே நல்ல எடுத்துக்காட்டு.

அந்தக் காலத்தில், ஓர் உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் உணவையும் வெப்பநிலையையும் பொறுத்தது என்று நம்பிய ஆய்வாளர்கள் நிறையப் பேர். இன்னொரு பக்கம், சில பூச்சிகளின் விந்தணுக்களில் பாதிக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது தெரிந்திருந்தது. ஹெர்மன் ஹென்கிங் 1891-இலேயே அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டார். அது பாலினத்தோடு தொடர்புடையது என்று கிளாரன்ஸ் மக்லங் 1900-களின் தொடக்கத்தில் சொன்னார். ஆனால் அந்தக் கூடுதல் குரோமோசோம் கிடைத்த முட்டை ஆணாகும் என்று தலைகீழாக நினைத்துவிட்டார்.

ஸ்டீவன்ஸ் எடுத்துக்கொண்டது மாவில் வளரும் ஒரு வண்டின் புழு. பெண் பூச்சியின் உடல் செல்களில் எண்ணினார்: 20 குரோமோசோம், எல்லாம் பெரியவை. ஆண் பூச்சியில் எண்ணினார்: அதே 20. ஆனால் 19 பெரியது, ஒன்று மட்டும் பொடிசு. பிறகு விந்தணுக்களைப் பார்த்தார். பாதியில் 10 பெரியவை. மீதிப் பாதியில் 9 பெரியவையும் அந்தப் பொடிசும். முட்டை எல்லாவற்றிலும் 10 பெரியவை இருக்க வேண்டும். ஆக, 10 பெரியவை உள்ள விந்தணு முட்டையோடு சேர்ந்தால் 20 பெரியவை, அது பெண். பொடிசு உள்ள விந்தணு சேர்ந்தால் 19-உம் ஒன்றும், அது ஆண்.

அவ்வளவுதான் கணக்கு. பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். அதே சமயம், அந்தக் கணக்கைப் போடுவதற்கு முன் என்ன பாடு பட்டிருப்பார் என்பதும் வர வேண்டும். அன்றைய முறைப்படி திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, ஒவ்வொரு சீவலாகப் பார்த்து, பார்த்ததைக் கையால் வரைய வேண்டும். குரோமோசோம்கள் ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும். 19-ஆ 20-ஆ என்று சொல்லச் செல் செல்லாகத் தேட வேண்டும். நண்பர் இரண்டாவது வரைவில் இதை ஒன்றரைப் பக்கமாக எழுதினார். அந்த ஒன்றரைப் பக்கம்தான் இப்போது அந்த நூலின் உயிர்.

இன்னொன்றையும் விட்டுவிட வேண்டாம். மற்றவர்கள் பெரும்பாலும் ஆண் பூச்சியின் விந்துச் செல்களையே பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் பெண் பூச்சியின் உடல் செல்லையும் எண்ணி ஒப்பிட்டார். விடை அந்த ஒப்பீட்டில்தான் இருந்தது.

"மரபணு", "எக்ஸ்–ஒய் குரோமோசோம்" போன்ற சொற்களை 1905-ஐப் பற்றி எழுதும்போது பயன்படுத்தலாமா?

கதைக்குள் வேண்டாம், விளக்கத்தில் வரலாம். வரைவுகளில் நான் அதிகமாக வட்டம் போடுவது இந்த இடத்தில்தான்.

மெண்டலின் பட்டாணி ஆய்வு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது 1900-இல். மரபியல் என்ற துறைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை வில்லியம் பேட்சன் ஒரு கடிதத்தில் முன்மொழிந்ததே 1905-இல்தான். மரபணு என்பதற்கு நிகரான சொல்லை வில்ஹெல்ம் யோகான்சன் 1909-இல் தந்தார். மரபுப் பொருள் டி.என்.ஏ.தான் என்பதற்கு வலுவான சான்று 1944 வரை காத்திருந்தது. ஆகவே "மரபணுக்கள் குரோமோசோமில் இருப்பதை அறிந்திருந்த ஸ்டீவன்ஸ்" என்று எழுதினால், அவர் கையில் இல்லாத விளக்கை அவர் கையில் கொடுக்கிறோம். இருட்டில் தடவி வழி கண்டுபிடித்த பெருமை அப்போது காணாமல் போகிறது.

அந்தப் பொடிசின் பெரிய ஜோடிக்கு எக்ஸ், பொடிசுக்கு ஒய் என்ற ஜோடிப் பெயரும் அப்போது புழக்கத்தில் இல்லை. அதனால்தான் மேலே நான் "பொடிசு" என்று எழுதினேன். நண்பர் "சின்னக் குரோமோசோம்" என்று வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் மட்டும் "பிற்காலத்தில் இதற்கு ஒய் என்று பெயர் வந்தது" என்று சொல்லிவிட்டார். அழகாக இருந்தது.

ஒய் குரோமோசோம்தான் ஆணை உருவாக்குகிறது என்று ஸ்டீவன்ஸ் கண்டுபிடித்தார் என எழுதலாமா?

வேண்டாம். அவர் காட்டியது ஒரு தொடர்பு: சின்னது இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். அந்தச் சின்னதே ஆணாக்குகிறதா, பெரியது ஒன்று குறைவதால் ஆணாகிறதா என்பது அப்போது முடிவாகாத கேள்வி. பழ ஈயில் ஒய் இல்லாமல் ஒரே ஓர் எக்ஸ் மட்டும் இருந்தாலும் அது ஆண்தான், மலட்டு ஆண். கால்வின் பிரிட்ஜஸ் 1916-இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. மனிதரில் கதை வேறு. ஆணாவதற்கு ஒய் தேவை என்பது 1959-இல்தான் தெளிவாயிற்று. ஓர் உயிருக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதை வரைவு காட்டினால் வாசகருக்கு ஆர்வம் கூடும்.

ஸ்டீவன்ஸே எவ்வளவு நிதானமாக எழுதினார் என்பதைச் சொன்னால் போதும். மாவுப்புழுவில் இது பாலினம் தீர்மானமாவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாகத் தோன்றுகிறது என்ற அளவில்தான் சொன்னார். உடனே உலகத்துக்கு அறிவித்துவிடவில்லை. அடுத்த ஆண்டு வேறு பல வண்டினங்களையும் எடுத்துப் பார்த்து எழுதினார். அந்த நிதானம் அவருடைய குணத்தைக் காட்டுகிறது. நாம் அவருக்காக மிகைப்படுத்தினால் அந்தக் குணத்தைத்தான் அழிக்கிறோம்.

புகழ் வேறொருவருக்குப் போன அநீதியை எப்படி எழுதுவது?

கோபத்தோடு எழுதலாம், ஆனால் ஆதாரத்தோடு.

முதல் வரைவில் ஒரு வரி இருந்தது: "ஸ்டீவன்ஸின் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசை மோர்கன் வாங்கிக்கொண்டார்." படித்ததும் எனக்கும் ரத்தம் கொதித்தது. பிறகு தேதிகளைப் பார்த்தோம். தாமஸ் ஹன்ட் மோர்கன் நோபல் வாங்கியது 1933-இல். மரபுக் கடத்தலில் குரோமோசோமின் பங்கு பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக அது கிடைத்தது. அதன் அடிப்படை, 1910-இல் வெள்ளைக் கண் ஈயோடு தொடங்கிய பழ ஈ ஆய்வுகள். ஸ்டீவன்ஸ் இறந்து அப்போது 21 ஆண்டுகள். 1905-இல் மோர்கனே குரோமோசோம் கோட்பாட்டை நம்பாதவர்களில் ஒருவர். ஸ்டீவன்ஸ் அவரிடம் படித்தவர், ஆனால் இந்த விஷயத்தில் ஆசிரியரைவிட முன்னால் போய்விட்டார். நோபல் வரியைவிட இது பெரிய செய்தி இல்லையா?

எட்மண்ட் வில்சன் விவகாரம் இன்னும் நுணுக்கமானது. அவரும் 1905-இல் தனியாக வேறு பூச்சிகளில் இதே முடிவுக்கு வந்தார். ஸ்டீவன்ஸின் முடிவைத் தன் கட்டுரையில் குறிப்பிட்டும் இருக்கிறார். திருடினார் என்று எழுத எந்த இடமும் இல்லை. அநீதி நடந்தது வேறு இடத்தில்: வில்சன் ஏற்கனவே பெரிய பேராசிரியர், ஸ்டீவன்ஸ் ஒரு பெண்கள் கல்லூரியில் கீழ்நிலைப் பதவியில் இருந்தவர். பின்னால் வந்த பாடநூல்கள் பெரிய பெயரைப் பிடித்துக்கொண்டன, அவர் பெயரை வில்சனுக்குப் பின்னால் வைத்தன அல்லது விட்டேவிட்டன. இப்படி எழுதினால் வாசகர் எதிர்க்க முடியாது.

மோர்கனையும் வில்லனாக்க வேண்டாம் என்று வாதிட்டேன். ஸ்டீவன்ஸுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கப் பரிந்துரைத்தவர் அவர். பன்னிரண்டு ஆண்டுகளில் தன்னிடம் படித்தவர்களில் இவ்வளவு திறமையும் சுதந்திரமும் கொண்டவர் வேறு இல்லை என்ற பொருளில் எழுதினார். ஸ்டீவன்ஸ் இறந்தபோது இதழில் அஞ்சலிக் கட்டுரை எழுதியவரும் அவர்தான். அந்தக் கட்டுரையில் பாராட்டும் இருக்கிறது, பரந்த பார்வை போதாதவர் என்று மட்டம் தட்டும் தொனியும் இருக்கிறது. இரண்டையும் வாசகர் முன் வைத்துவிடுங்கள்.

"முதன்முதலில்" என்ற சொல்லை என்ன செய்வது?

ஒவ்வொரு "முதன்முதலில்"-க்குப் பக்கத்திலும் கேள்விக்குறி போடுங்கள். மோர்கனின் ஆய்வுக்கூடத்துக்குப் பழ ஈயை முதன்முதலில் கொண்டுவந்தவர் ஸ்டீவன்ஸ் என்று வரைவில் இருந்தது. இது பலரும் திரும்பத் திரும்பச் சொல்வது. உறுதியாகத் தெரிவது இவ்வளவுதான்: ஹார்வர்டில் வில்லியம் காசிலின் கூடத்தில் அதற்கு முன்பே பழ ஈ வளர்த்தார்கள். ஸ்டீவன்ஸும் ஈ வகைகளின் குரோமோசோம்களை ஆராய்ந்து 1908-இல் எழுதினார். "மோர்கனுக்கு முன்பே பழ ஈயை ஆராய்ந்தவர்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர்" என்று மாற்றினோம். கொஞ்சம் சுருதி குறைந்ததுபோல் இருக்கும், ஆனால் நிற்கும்.

தனிப்பட்ட வாழ்க்கை பற்றித் தகவலே இல்லை. கற்பனையால் நிரப்பலாமா?

கூடாது. "ஜன்னலோரம் அமர்ந்து மழையைப் பார்த்தபடி அவர் நினைத்துக்கொண்டார்" என்று ஒரு வரி வந்துவிட்டால், அதன்பின் வரும் உண்மைகளையும் வாசகர் சந்தேகிப்பார்.

தகவல் இல்லை என்று நாம் நினைக்கும் இடத்திலேயே பல சமயம் தகவல் கிடக்கும். 35 வயதில் கல்லூரியில் சேர்ந்தார் என்பதை ஒரு வரியில் கடந்துபோகிறோம். அதற்கு முன் இருந்த ஆசிரியர் வேலை, சேமிப்பு, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போனது, கோடை விடுமுறைகளைக் கடலோர ஆய்வுக்கூடத்தில் கழித்தது எல்லாம் ஓர் ஆளைக் காட்டுகின்றன. அப்புறம் இத்தாலியில் நேப்பிள்ஸ் ஆய்வு நிலையம், ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க்கில் தியடோர் போவேரியின் கூடம். குரோமோசோம் ஆய்வில் அன்றைக்கு உலகத்திலேயே முக்கியமான இடங்களில் ஒன்று அது. மனதில் என்ன ஓடியது என்று எழுத வேண்டாம், எங்கே போனார், யாரிடம் கற்றார் என்று எழுதினாலே மனம் தெரிகிறது.

"நெட்டி" என்பதா, "ஸ்டீவன்ஸ்" என்பதா? "அவள்" என்பதா, "அவர்" என்பதா?

வரைவில் மோர்கன் எப்போதும் மோர்கன், வில்சன் எப்போதும் வில்சன், இவர் மட்டும் "நெட்டி". நண்பர் பாசத்தில்தான் அப்படி எழுதினார். ஆனால் ஒரே பத்தியில் மூவரும் வரும்போது இரண்டு பேராசிரியர்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பெண் நிற்பதுபோல் ஆகிவிட்டது. சிறுவயதுப் பகுதியில் நெட்டி என்றும், வேலைக்குப் போன நாளிலிருந்து ஸ்டீவன்ஸ் என்றும் மாற்றினார்.

தமிழில் "அவள்–அவர்" சிக்கலும் உண்டு. குழந்தைப் பருவத்துக்கு "அவள்" இயல்பாக இருக்கும். ஆனால் பையனாக இருந்தால் "அவன்" என்று எழுதுவோமா என்று கேட்டுப் பாருங்கள். மோர்கனின் சிறுவயதுக்கு "அவர்" என்றால் இவருக்கும் "அவர்"தான்.

செயப்பாட்டு வினை அவ்வளவு பெரிய குற்றமா?

இந்த வகை எழுத்தில் ஆமாம். "கண்டறியப்பட்டது", "நிறுவப்பட்டது", "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதினால் செய்த ஆள் மறைந்துபோகிறார். யார் ஏற்றுக்கொண்டார்கள்? எப்போது? யார் மறுத்தார்கள்? வரலாற்றில் மறைந்துபோன ஒருவரை மீட்க எழுதுகிறோம், வாக்கியத்திலும் அவரை மறைக்கலாமா?

எனக்கு உயிரியல் தெரியாது. நான் கருத்துச் சொல்லலாமா?

கட்டாயம். எங்கள் நால்வரில் ஒருவர் கணக்காளர். "பெண்ணுக்கும் 20, ஆணுக்கும் 20 என்றால் வித்தியாசம் எங்கே?" என்று அவர் கேட்டபோதுதான், அளவைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லியிருப்பது தெரிந்தது. உயிரியல் படித்த நாங்கள் மூவரும் அதைத் தாண்டிப் போயிருந்தோம்.

கருத்தை எந்த மாதிரி சொல்ல வேண்டும்?

ஒருமுறை வேறொருவரின் வரைவுக்கு நாற்பதுக்கும் மேல் குறிப்புகள் எழுதி ஒரே நாளில் அனுப்பினேன். எல்லாம் சரியான குறிப்புகள்தான். அவர் அந்த நூலை அதன்பின் தொடவே இல்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம். அதிலிருந்து முதல் சுற்றில் மூன்று குறிப்புக்கு மேல் தருவதில்லை: எது இல்லை, எது உண்மைக்குப் புறம்பு, எந்த இடம் நன்றாக இருக்கிறது. மூன்றாவதைக் கடமைக்குச் சொல்லக் கூடாது. எந்தப் பத்தி, ஏன் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் அவர் அதை வெட்டாமல் இருப்பார்.

"சரியில்லை" என்பதைவிட "இங்கே எனக்குப் புரியாமல் போனது" என்பது உதவும். உண்மைப் பிழையாக இருந்தால் சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லுங்கள். நடைக்கு மட்டும் கேள்வியாகக் கேளுங்கள்.

சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டுமா? இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால்?

ஏற்க வேண்டியதில்லை. உண்மை பற்றிய கருத்து என்றால் மூலக் கட்டுரைக்குப் போய்ப் பாருங்கள், அங்கேயே தீர்ந்துவிடும். ஸ்டீவன்ஸின் கட்டுரைகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. நடை பற்றியது என்றால் எழுதுகிறவர் முடிவே முடிவு. எதிரெதிராக இருவர் சொன்னால் இருவரும் ஒரே இடத்தில் தடுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். தீர்வை விட்டுவிட்டு அந்த இடத்தைப் பாருங்கள். மாவுப்புழுப் பகுதியை ஒருவர் நீட்டச் சொன்னார், ஒருவர் வெட்டச் சொன்னார். உண்மையில் அது இருந்த இடம் தவறு. வாசகருக்குக் கேள்வி பிறக்கும் முன்பே விடை வந்துவிட்டது. அன்றைய குழப்பங்களை முன்னால் கொண்டுவந்ததும் இருவருமே அமைதியானார்கள்.

பிறப்பிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

கட்டாயமில்லை. நண்பர் இப்போது எண்ணும் காட்சியில் தொடங்கி வெர்மான்ட்டுக்குத் திரும்புகிறார்.

முடிவை எப்படி எழுதுவது?

முதல் வரைவு "அவர் புகழ் என்றும் நிலைத்திருக்கும்" என்று முடிந்தது. நிலைக்கவில்லை என்பதால்தானே நூலே எழுதுகிறோம் என்று கேட்டேன்.

பிரின் மார் கல்லூரி அவருக்காகவே ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை உருவாக்கியது. பாடம் நடத்தும் சுமை இல்லாமல், எண்ணிக்கொண்டும் வரைந்துகொண்டும் இருக்கலாம். அந்தப் பதவியில் அமரும் முன்பே பால்டிமோரில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனார். இப்போதைய வரைவில் கடைசி வாக்கியம் அந்தக் காலி நாற்காலியைப் பற்றியது. அதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம் என்று நால்வரும் எழுதிக் கொடுத்தோம்.